பெரிய குரூஸ் கப்பலில் ஒரு வாரம்: முன்பதிவிலிருந்து இறங்கும் காலைவரை முழு வழிகாட்டி

2024 ஜனவரியில் பயணிகளை ஏற்றத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலை எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 365 மீட்டர், 20 தளங்கள். அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் 5,610 பயணிகள், எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 7,600 பேர், அதுபோக ஊழியர்கள் 2,350 பேர். கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் ஒரே கப்பலுக்குள் ஒரு வாரம் வாழ்கிறார்கள். அத்தனை பேருக்கும் காலை ஒன்பது மணிக்குப் பசிக்கும், கப்பல் கரை சேர்ந்ததும் எல்லோரும் ஒரே வாசலுக்கு வருவார்கள், இரவு நிகழ்ச்சி முடிந்த அடுத்த நிமிடம் எல்லோருக்கும் லிஃப்ட் வேண்டும்.

பல வருடங்களாக இந்த மாதிரி கப்பல்களில் போய்வருகிறேன். போகப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கப்பல் நல்லது, எந்த அறை நல்லது என்றுதான். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் பெரிய கப்பலில் விடுமுறை இனிப்பதும் கசப்பதும் பெரும்பாலும் நேரத்தைப் பொறுத்தது. எதை எப்போது முடிவு செய்தோம், எந்த மணிக்கு எந்த தளத்தில் இருந்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே எந்தப் படியை எடுத்தாலும் அது வந்து நிற்கும்.

1. முதலில் பாதை

கப்பலின் படங்களில் மயங்குவதற்கு முன் பயண அட்டவணையை எடுத்து ஒவ்வொரு துறைமுகத்திலும் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் அந்தத் துறைமுகம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அட்டவணையில் ரோம் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், ரோம் அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். பாரிஸ் என்றால் லெ ஆவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். பெர்லின் என்றால் வார்னமுண்டே, அதற்கும் கூடுதல் தூரம். 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் வெனிஸின் ஜூடெக்கா கால்வாய்க்குள் வரக்கூடாது என்று இத்தாலி தடை போட்டுவிட்டது. அதனால் வெனிஸ் என்று விற்கப்படும் பயணங்கள் பல ராவென்னாவிலோ த்ரியெஸ்தேயிலோ தொடங்குகின்றன. எட்டு மணி நேர நிறுத்தத்தில் நாலைந்து மணி நேரம் பேருந்திலேயே போய்விடும் ஊரை நான் பார்த்த ஊராகவே கணக்கில் வைப்பதில்லை.

பருவத்தையும் பாருங்கள். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் கரீபியன் பயணம் மலிவாகக் கிடைக்கும், கப்பலும் புயலைச் சுற்றிப் போய்விடும். ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட தீவு கடைசி நேரத்தில் பாதையிலிருந்து விழலாம். துறைமுகத்தை மாற்றவும் தவிர்க்கவும் கேப்டனுக்கு உரிமை உண்டு என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள், அதற்குப் பெரிய இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. ஒரே ஒரு தீவுக்காக முழுப் பயணத்தையும் பதிவு செய்யாதீர்கள்.

கடலையே ரசிக்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. கரீபியனில் குளிர்காலம் முடிந்ததும் கப்பல்கள் ஏப்ரல், மே வாக்கில் ஐரோப்பாவுக்குப் போகும், அக்டோபர், நவம்பரில் திரும்பும். இந்த இடமாற்றப் பயணங்களில் தொடர்ந்து ஆறேழு நாள் கரையே தெரியாது, நாள்கணக்கில் பார்த்தால் கட்டணம் குறைவு, குழந்தைகள் கூட்டமும் குறைவு. எனக்கு மிகப் பிடித்த பயணங்கள் இவைதான். முதல் முறை போகிறவருக்குச் சொல்லமாட்டேன்.

2. கப்பலின் அளவும் நெரிசலும்

விளம்பரத்தில் வரும் 'கிராஸ் டன்னேஜ்' என்பது எடை கிடையாது. கப்பலுக்குள் அடைபட்ட மொத்த இடத்தின் கொள்ளளவுக் கணக்கு அது. அந்த எண்ணை அறைக்கு இருவர் என்ற பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். ஐகானுக்கு 248,663ஐ 5,610ஆல் வகுத்தால் 44 வருகிறது. நான் போன கப்பல்களில் 40க்கு மேல் இருந்தவற்றில் நெரிசல் உறுத்தவில்லை, 35க்குக் கீழே போனதில் ஒவ்வொரு வேளையும் வரிசையில் நின்ற நினைவுதான் மிஞ்சியது. கப்பல் பெரியது என்றாலே கூட்டம் என்று முடிவு கட்டாமல் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் ஒரே அறையில் மூன்று நான்கு பேர் தங்குவார்கள், அப்போது இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும்.

3. அறை

இங்கே கொஞ்சம் பொறுமையாக இருங்கள், ஏனென்றால் அறையை ஏறிய பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

கப்பலின் தள வரைபடம் இணையத்தில் கிடைக்கும். நீங்கள் பார்க்கும் அறையின் தளத்தை மட்டும் பார்க்காமல் அதற்கு மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் திறந்து வையுங்கள். மேலேயும் கீழேயும் அறைகளாகவே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மேலே நீச்சல் குளம் இருந்தால் விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே அரங்கமோ நடனக் கூடமோ இருந்தால் நள்ளிரவுவரை தரை அதிரும். முன்முனை அறைகளில் நங்கூரச் சங்கிலியும், கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகளும் காலையில் உங்களை எழுப்பிவிடும். பக்கத்து அறைக்குக் கதவு வைத்த இணைப்பு அறை குடும்பமாகப் போகிறவர்களுக்கு நல்லது, மற்றவர்களுக்கு அந்தக் கதவு வழியாகப் பேச்சுச் சத்தம் வரும்.

ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் எடுக்க வேண்டும். பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கும் சீசாப் பலகையில் இரண்டு முனைகளும் எகிறும்போது நடுவில் இருப்பவர் அசையமாட்டார் இல்லையா, அதே சங்கதிதான். பெரிய கப்பல்களின் இரண்டு பக்கமும் நீருக்கடியில் துடுப்புபோல நீட்டும் ஸ்டெபிலைசர்கள் பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகவே அடக்கும், முன்னும் பின்னும் எழுந்து விழும் ஆட்டத்தை அவ்வளவாக அடக்காது. ஆகவே முன்முனையின் மேல்தளத்தில் இருக்கும் விலை உயர்ந்த அறைதான் சில நேரம் அதிகம் ஆடும்.

பால்கனி வேண்டுமா? கரை தொடாமல் கடலிலேயே போகும் 'கடல் நாட்கள்' நிறைய இருந்தாலோ அலாஸ்கா, நார்வே போன்ற கரையோரக் காட்சிப் பாதையாக இருந்தாலோ வேண்டும். தினமும் ஒரு துறைமுகம் என்றால் அறையில் இருக்கும் நேரமே குறைவு, ஜன்னல் இல்லாத உள் அறை போதும், அதன் கும்மிருட்டில் வரும் தூக்கம் வேறெங்கும் வராது. உயிர்காப்புப் படகு மறைக்கும் அறைகள் மலிவு, ஆனால் எவ்வளவு மறைக்கிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள். அறை எண்ணைப் பிறகு ஒதுக்குவோம் என்று விற்கும் மலிவுச் சீட்டை, மேலே சொன்ன எதுவும் தொந்தரவு செய்யாத ஆழ்ந்த உறக்கக்காரர் மட்டும் வாங்கலாம்.

4. ஆவணம், காப்பீடு, ஒரு நாள் முன்னதாகப் போவது

பாஸ்போர்ட் பயணம் முடியும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். விசா விஷயத்தில் பலர் சறுக்குவது இங்கேதான்: ஒரு நாட்டில் ஏறி, நடுவில் வேறு நாட்டைத் தொட்டுவிட்டு, அதே நாட்டில் திரும்ப இறங்கினால் அது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசா உதவாது. இறங்கப்போவதில்லை என்று நினைக்கும் துறைமுகத்துக்கும் விசா கேட்கும் நாடுகள் உண்டு. ஒரு தாள் குறைந்தாலும் துறைமுக முனையத்திலேயே திருப்பி அனுப்புவார்கள், பணமும் திரும்பாது.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது: பயணத்தின் எந்த நாளிலாவது 24ஆவது வாரத்தைத் தொட்டுவிட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றாது. கைக்குழந்தைக்குப் பொதுவாக ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும், கடல் நாட்கள் அதிகமுள்ள பாதையில் ஒரு வயது.

காப்பீடு எடுக்கும்போது மருத்துவ வெளியேற்றம் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கப்பலில் மருத்துவர் உண்டு, சிறிய மருத்துவமனை உண்டு, ஆனால் அது கட்டணச் சேவை. பெரிய சிக்கல் என்றால் ஹெலிகாப்டரிலோ அடுத்த துறைமுகத்திலோ இறக்குவார்கள், அந்தச் செலவு பயணச் செலவை எங்கோ தாண்டிவிடும்.

புறப்படும் துறைமுகத்துக்கு ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். ஒரு முறை என் விமானம் ஏழு மணி நேரம் தாமதமானது. முந்தைய நாள் விமானமாக இருந்ததால் இரவு ஹோட்டலில் தூக்கம் மட்டும் குறைந்தது. அதே நாள் விமானமாக இருந்திருந்தால் கப்பலே போயிருக்கும்.

5. பெட்டி கட்டுதல்

துணிப் பட்டியலை விட்டுவிடுகிறேன், அது அவரவர் விருப்பம். கப்பலுக்கென்று சொல்ல வேண்டியவை மட்டும்.

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மெழுகுவர்த்தி, மின்னழுத்தம் திடீரென ஏறினால் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் கூடாது. எக்ஸ்ரேயில் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள். கப்பலின் மின்னமைப்பு வீட்டினுடையதுபோல் நிலத்தோடு இணைக்கப்பட்டதில்லை, அதனால் வீட்டுக்குச் செய்த சர்ஜ் புரொடெக்டர் அங்கே சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. நடுக்கடலில் கப்பல்காரர்கள் மிக அஞ்சுவது தீயைத்தான். பல யுஎஸ்பி துளைகள் உள்ள சாதாரண சார்ஜர் போதும்.

அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்பு. நாலைந்து காந்தக் கொக்கிகள் கொண்டுபோனால் தொப்பி, ஈரத்துணி, பை எல்லாம் சுவரில் தொங்கும், தரை காலியாக இருக்கும். குளிர்சாதனம் பலமாக இருக்கும் என்பதால் ஒரு மெல்லிய சால்வை. வாந்தி, தலைசுற்றல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் ஆரம்பித்த பிறகு விழுங்கினால் பெரிதாகப் பயனில்லை, அதற்கு முன்பே போட வேண்டும்.

பெரிய பெட்டியை முனையத்தில் வாங்கிக்கொள்வார்கள், அது அறை வாசலுக்கு வர மாலைகூட ஆகலாம். ஆகவே பாஸ்போர்ட், மருந்து, நீச்சலுடை, ஒரு மாற்றுத் துணி இவை கைப்பையில் இருக்கட்டும். ஒரு தடவை என் பெட்டியின் டேக் கிழிந்து, இரவு பத்தரை மணிக்குத்தான் பெட்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். இரத்த அழுத்த மாத்திரை கைப்பையில் இருந்ததால் பதறவில்லை.

6. ஏறும் நாளின் முதல் மூன்று மணி நேரம்

என்னைக் கேட்டால் முழுப் பயணத்திலும் மதிப்பு மிக்க மூன்று மணி நேரம் இதுதான்.

ஆன்லைன் செக்-இன் திறக்கும் நாளிலேயே செய்து, கிடைப்பதில் முன்கூட்டிய ஏறும் நேரத்தை எடுங்கள். ஏறியதும் எல்லோரும் பஃபேக்கு ஓடுவார்கள். நீங்கள் நேராக உங்கள் அவசரகாலக் கூடும் இடத்துக்குப் போங்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பயணிகளுக்கு அதுவரை பாதுகாப்புப் பயிற்சி நடக்கவில்லை. அப்போதைய விதி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றது. இப்போது புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். பல கப்பல்களில் நிறுவனத்தின் செயலியிலோ தொலைக்காட்சியிலோ காணொளி பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்கு நேரில் போய் அறை அட்டையைக் காட்டினால் முடிந்தது. கடமைக்குச் செய்யாதீர்கள். ஏழு சிறிய ஒலி, ஒரு நீண்ட ஒலி, இதுதான் அபாய அறிவிப்பு. அறையிலிருந்து அந்த இடத்துக்குப் படிக்கட்டு வழியாக ஒரு தடவை நடந்து பாருங்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு.

அடுத்து செயலியைத் திறந்து நிகழ்ச்சிகளுக்கு இடம் பதியுங்கள். பனிச்சறுக்கு, நீர்சாகச நிகழ்ச்சி போன்றவை முன்பதிவில் தீர்ந்துவிடும், ஏறும் முன்பே திறந்திருந்தால் வீட்டிலிருந்தே செய்துவிடுங்கள். சிறப்பு உணவகத்துக்கு முதல் இரண்டு இரவுகளில் தள்ளுபடி கிடைப்பதுண்டு.

அப்புறம் கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கரை மறைந்ததும் கப்பலின் சொந்தக் கோபுரம் உங்கள் போனைப் பிடித்துக்கொள்ளும், அதன் கட்டணம் சாதாரண ரோமிங் திட்டத்தில் சேராது. வைஃபை வேண்டுமென்றால் ஏறும் முன்பே வாங்குவது பொதுவாக மலிவு.

இத்தனையும் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனால் பஃபேயில் இடம் இருக்கும்.

7. கப்பலில் ஒவ்வொரு நாளும்

கூட்டத்தின் கடிகாரத்தைப் புரிந்துகொண்டால் பத்தாயிரம் பேர் இருக்கும் கப்பல் பாதி காலியாகத் தெரியும். துறைமுக நாளில் காலை எட்டரையிலிருந்து பதினொன்றரைவரை வாசல் நிறைந்திருக்கும், நீச்சல் குளமும் சறுக்குகளும் காலியாக இருக்கும். முன்பு பார்த்த துறைமுகம் என்றால் நான் இறங்குவதே இல்லை, அன்று கப்பல் முழுக்க எனக்குத்தான். கடல் நாளில் எல்லாமே தலைகீழ்: பத்து மணிக்கு மேல் குளத்தருகே நாற்காலி கிடைக்காது, அந்த நேரத்தில் நூலகத்திலோ கீழ்த்தளத்து நடைபாதையிலோ இருங்கள். காலை உணவுக்குப் பெரிய உணவுக்கூடத்தில் உட்கார்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. கட்டணத்திலேயே அடங்கியது அது, பஃபேயின் இரைச்சலும் இல்லை. இரண்டு மூன்று தளம் என்றால் படிக்கட்டில் போங்கள், லிஃப்டுக்காக நிற்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.

கை கழுவுவதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கப்பலில் பரவும் வயிற்றுப் போக்குக்கு முக்கியக் காரணமான நோரோ வைரஸை ஆல்கஹால் ஜெல் சரியாகக் கொல்லாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. சாப்பிடும் முன்பும், படிக்கட்டுக் கைப்பிடியைத் தொட்ட பிறகும் கழுவுங்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி முன்னறிவிப்பின்றிச் சோதித்து 100க்கு மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது, 85 அல்லது அதற்குக் கீழ் என்றால் தேறவில்லை என்று பொருள். பதிவு செய்யும் முன் உங்கள் கப்பலின் மதிப்பெண்ணைப் பார்க்கலாம்.

தலைசுற்ற ஆரம்பித்தால் அறைக்குள் போய்ப் படுக்காதீர்கள். திறந்த தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள், இஞ்சி சிலருக்குக் கேட்கும்.

உங்கள் அறையைப் பார்த்துக்கொள்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. மீதி நேரத்தின் பெரும்பகுதி வேலைதான், அதுவும் மாதக்கணக்கில் வார விடுப்பில்லாமல். முதல் நாளே பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், எப்போது அறையைச் சுத்தம் செய்தால் வசதி என்று அவரோடு பேசி ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் பெரும்பாலும் தினசரிக் கணக்கில் தானாகச் சேரும், அதை எடுக்கச் சொல்லும் பழக்கம் எனக்கு ஏற்புடையதில்லை.

8. துறைமுக நாள்

கப்பல் நேரம் என்று ஒன்று இருக்கிறது, கரையின் நேரம் வேறாக இருக்கலாம். மெக்சிகோவின் கோசுமெல் தீவு 2015 முதல் கோடைக்கால நேரமாற்றத்தைக் கடைப்பிடிப்பதில்லை. கோடையில் மயாமியிலிருந்து வரும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் வைத்திருந்தால் கரையின் நேரம் ஒரு மணி பின்தங்கியிருக்கும். கைபேசி கரை நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும். நாலரைக்குத் திரும்ப வேண்டியவர் தன் போனில் நாலரை பார்க்கும்போது கப்பலில் மணி ஐந்தரை. அதனால் நான் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்கிறேன்.

கப்பல் விற்கும் சுற்றுலா விலை கூடுதல், ஆனால் அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போனால் காத்திருக்காது. இடம் தூரமாக இருந்தால் கப்பல் சுற்றுலா, நடக்கும் தூரம் என்றால் சொந்தமாக, இதுதான் என் வழக்கம். சொந்தமாகப் போனால் கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுகத்துக்கு வந்துவிடுகிறேன். பாஸ்போர்ட் நகலும், அன்றைய அட்டவணையில் அச்சிட்டிருக்கும் துறைமுக ஏஜென்டின் (கப்பல் நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி) தொலைபேசி எண்ணும் பையில் இருக்கட்டும், கப்பலைத் தவறவிட்டால் முதலில் பேச வேண்டியவர் அவர்தான்.

சில இடங்களில் கப்பல் கரையை ஒட்டாமல் நங்கூரமிட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகில் கரைக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். அட்டவணையில் அதைக் குறித்திருப்பார்கள். காற்று பலமானால் முதலில் ரத்தாவது இந்த நிறுத்தங்கள்தான். சக்கர நாற்காலியில் போகிறவர்கள் டெண்டர் துறைமுகம் இல்லாத பாதையாகத் தேர்ந்தெடுங்கள்.

9. பணம்

கப்பலில் ரொக்கம் செல்லாது, எல்லாம் அறை அட்டையில் ஏறும். அதோடு கிரெடிட் கார்டை இணையுங்கள். டெபிட் கார்டு என்றால் வங்கிக் கணக்கில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள், அது விடுபட நாளாகும். பானங்களுக்கான பேக்கேஜ் வாங்கும் முன் ஒரு நாளைக்கு எத்தனை குடித்தால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போடுங்கள், துறைமுக நாட்களில் பாதி நாள் கப்பலிலேயே இருக்கமாட்டீர்கள். ஒருவர் வாங்கினால் அதே அறையின் மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் உண்டு. தினமும் இரவு கணக்கைப் பார்த்துவிடுங்கள், தவறு இருந்தால் மறுநாளே சரிசெய்ய முடியும்.

10. கடைசி இரவும் இறங்கும் காலையும்

கடைசி இரவு பெட்டியில் டேக் மாட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போட்டுக்கொள்ளும் துணி, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட் இவற்றை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பெட்டியை மூடுங்கள். நீங்களே தூக்கிக்கொண்டு இறங்க முடியும் என்றால் முதல் ஆளாக இறங்கலாம். அவசரமில்லாதவர்கள் கடைசிக் குழுவில் சேருங்கள், காலை உணவை நிதானமாக முடித்து ஒன்பது மணிக்கு மேல் இறங்கினால் வரிசை வடிந்திருக்கும். விமானம் மதியம் ஒரு மணிக்கு முன்பு வேண்டாம். மூடுபனியிலோ குடிவரவு வரிசையிலோ இரண்டு மணி நேரம் போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அன்று ஒரே ஒரு நாள் விடியும் முன் எழுந்து மேல்தளத்துக்குப் போங்கள். கப்பல் வேகம் குறையும்போது ஒரு சிறிய படகு இருட்டில் பக்கவாட்டில் ஒட்டி வரும், அதிலிருந்து, கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுபோகும் துறைமுக பைலட் கயிற்று ஏணியைப் பிடித்துக் கப்பலில் ஏறுவார். அதைப் பார்க்க அந்த நேரத்தில் மேலே இருபது பேர்கூட இருக்கமாட்டார்கள். பார்த்துவிட்டு அறைக்கு வந்து பெட்டகம், கட்டிலடி, கதவுக்குப் பின்னால் மாட்டிய காந்தக் கொக்கிகள் எல்லாவற்றையும் ஒரு தடவை தடவிப் பாருங்கள். அறை அட்டையை வெளி வாசலில் கடைசியாக ஒரு முறை காட்ட வேண்டும், அதுவரை பாஸ்போர்ட்டோடு கையிலேயே இருக்கட்டும்.